வாக்கில்லாத ஆலோசகர்: பெனகல் நரசிங் ராவின் ஆட்சிப்பணியும் தூதுப்பணியும்

ஐ.சி.எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட இந்தியக் குடிமைப் பணி, மாவட்டங்களையும் தலைமைச் செயலகங்களையும் நடத்துவதற்கென்று பிரித்தானிய ஆட்சி உருவாக்கிய உயர் அலுவலர் அமைப்பாகும். விடுதலை பெற்ற இந்தியா தன் வெளியுறவுத் துறையை அமைக்கத் தொடங்கியபோது, தூதுப்பணிக்கென்று பயின்றவர்கள் போதிய அளவில் இல்லாமையால், அந்தப் பணியிலிருந்தே பலர் தெரிந்தெடுக்கப்பட்டனர். வெளியுறவு அமைச்சகத்தின் பொதுச்செயலாளராக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய், வெளியுறவுச் செயலாளராகவும் பின்னர் மாஸ்கோவில் தூதராகவும் விளங்கிய கே. பி. எஸ். மேனன் ஆகியோர் அந்த வரிசையில் நன்கு அறியப்பட்டவர்கள். அவர்களோடு ஒப்பிடுகையில் பெனகல் நரசிங் ராவின் பெயர் பொதுமக்கள் நினைவில் மங்கியே இருக்கிறது; ஆயினும் இந்தியக் குடியரசின் அடிப்படை ஆவணத்தின் முதல் வரைவும், கொரியப் போரின்போது ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா எடுத்த நிலைப்பாட்டின் சொல்வடிவமும் அவருடைய மேசையில் உருவானவை என்பதை எண்ணும்போது, அந்த மறதி நியாயமானதன்று.

அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவருடைய அறிவின் விரிவை வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். இங்கு முன்வைக்கப்படும் கருத்து சற்று வேறானது. ராவ் எந்த அவையில் மிகப் பெரிய பணியைச் செய்தாரோ அந்த அரசமைப்பு நிர்ணய அவையில் அவர் உறுப்பினர் அல்லர். அவருக்கு அங்கு வாக்கு இல்லை. முடிவெடுக்கும் உரிமை உடையவர்கள் தெளிவாக முடிவெடுக்கும்படி கேள்விகளை வகுத்துத் தருவதே அவருடைய தனித்திறன் என்பதும், அத்திறனின் வலிமையும் எல்லையும் அவர் வரைந்த சொற்களிலேயே காணக்கிடைக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தென் கன்னட மாவட்டத்தின் மங்களூரில் 1887 பிப்ரவரி 26 அன்று, மருத்துவர் ஒருவரின் மகனாக ராவ் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம், இயற்பியல், சமஸ்கிருதம் ஆகியவற்றைப் பயின்று பட்டம் பெற்ற பின், உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். ஜவாஹர்லால் நேரு அங்கு மாணவராக இருந்த காலமும் அதுவே. அவருடைய தம்பியரில் பி. ராம ராவ் பின்னர் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநரானார், பி. சிவ ராவ் இதழாளராகவும் அரசமைப்பு நிர்ணய அவையின் உறுப்பினராகவும் விளங்கினார். ஐ.சி.எஸ். தேர்வில் வென்று சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, இங்கு உற்றார் உறவினரும் நண்பர்களும் பலர் இருப்பதாலும் அவர்களுள் சிலர் நிலச்சொத்து உடையவர்கள் என்பதாலும் தம்மை வேறு மாகாணத்துக்கு அனுப்புமாறு அவர் எழுதிக் கேட்டுக்கொண்டார். சொந்த ஊருக்கு அருகில் பணி கிடைக்க வேண்டுமென்று மனுச் செய்வதே அலுவலர் இயல்பாக இருக்க, விலக்கி அனுப்பும்படி கேட்ட அந்த இளைஞரின் வேண்டுகோள் ஏற்கப்பட்டு, அவர் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டார்.

வங்காளத்திலும் பின்னர் அசாமிலும் அவர் நீதிப் பிரிவில் பணியாற்றினார். அசாம் அரசின் சட்டமியற்றல் துறைச் செயலாளராக இருந்த ஆண்டுகளில் சட்ட வரைவு அவருக்குக் கைவந்த கலையாயிற்று. அதன் முதல் பெரிய சோதனை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தோடு வந்தது. அச்சட்டம் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே அதிகாரங்களைப் புதிதாகப் பங்கிட்டமையால், அதற்கு முன் இயற்றப்பட்டு நடைமுறையில் இருந்த சட்டங்கள் அனைத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருந்தது. இதனைச் ‘சட்டத் தழுவல்’ என்பர். பழைய சட்டமொன்றில் ஆளுநர் நாயகத்தின் குழு அனுமதி தர வேண்டும் என்று ஒரு தொடர் இருந்தால், புதிய பங்கீட்டின்படி அந்த அனுமதி மத்திய அரசுக்கு உரியதா மாகாண அரசுக்கு உரியதா என்று முடிவுசெய்து, அந்த ஒரு தொடரை மட்டும் மாற்றி, மற்றப் பொருள் பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்ட நூல்கள் முழுவதிலும் தொடர் தொடராகச் செய்ய வேண்டிய இந்தப் பணியை, மாகாணத் தன்னாட்சி 1937 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருமுன் முடித்துக் கொடுத்த பெருமை ராவுக்கு உரியது. வெளியார் கண்ணுக்குப் புலப்படாத வேலை இது. ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின் அரசமைப்பை வரையும் பொறுப்பு அவரை நாடி வந்ததற்கு இதைவிட நேரான காரணம் வேறில்லை. 1938இல் ‘சர்’ பட்டம் பெற்ற அவர், 1939இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

நீதிபதியாக இருந்த ஆண்டுகளிலும் அரசு அவரை நீதிமன்றத்துக்குள் இருக்க விடவில்லை. விலைவாசி உயர்வுக்கேற்ப இருப்புப்பாதைத் தொழிலாளர்க்குப் பஞ்சப்படி வழங்குவது பற்றி ஆராய 1940இல் அமைந்த விசாரணை மன்றத்துக்கு அவர் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு, சிந்து மாகாணத்துக்கும் பஞ்சாபுக்கும் இடையிலான ஆற்றுநீர் வழக்கு அவரிடம் வந்தது. சட்லஜ் ஆற்றின் குறுக்கே பக்ராவில் பஞ்சாப் கட்ட எண்ணிய அணையால், வெள்ளக் காலத்தில் மட்டும் நீர் பெறும் தன் வாய்க்கால்கள் வறண்டுவிடும் என்பது கீழ்ப்பகுதியான சிந்துவின் முறையீடு. ராவ் தலைமையில் இரு பொறியாளர்களையும் உறுப்பினராகக் கொண்ட சிந்து நதி ஆணையம் 1942இல் தந்த அறிக்கை, ஆற்றின் மேல்பகுதியினர் தம் எல்லைக்குள் ஓடும் நீரை விரும்பியபடி பயன்படுத்தலாம் என்ற வாதத்தையும், கீழ்ப்பகுதியினர் இயற்கையாக வந்த நீர் சிறிதும் குறையாமல் வந்தாக வேண்டும் என்ற வாதத்தையும் ஒருங்கே மறுத்து, அனைவர் நலனையும் கருதிய நியாயமான பங்கீடே சரியான நெறி என்று வகுத்தது. காவிரி வழக்கின் நெடிய வரலாற்றை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. மாகாணங்களுக்கு இடையிலான நீர்ச்சிக்கலில் அந்நெறியை இந்திய மண்ணில் முறையாக நிறுவிய தொடக்க ஆவணங்களுள் இந்த அறிக்கை முதன்மையானது. ஆணையத்தின் முடிவுகளை இரு மாகாணங்களும் முழுமையாக ஏற்கவில்லை. பேச்சுவார்த்தைகள் முடிவடையுமுன் நாடே பிரிக்கப்பட்டது.

1941இல் அமைக்கப்பட்டு 1944இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்ட இந்து சட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். இரண்டாம் கட்டத்தில் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் டி. ஆர். வெங்கடராம சாஸ்திரியும் அதில் இடம்பெற்றார். ஒருவனுக்கு ஒருத்தி என்ற திருமண விதி, மணமுறிவு உரிமை, மகளுக்கும் தந்தையின் சொத்தில் பங்கு ஆகியவற்றைக் கொண்ட வரைவை, குழுவுக்குள்ளேயே உறுப்பினர் ஒருவர் எதிர்த்த நிலையிலும், 1947இல் அது அரசிடம் அளித்தது. மகனின் பங்கில் பாதியே மகளுக்கு என்று அன்று வரைந்தது இன்று குறையாகத் தோன்றலாம். ஆனால் அந்த வரைவின் வழித்தோன்றல்களே 1955, 1956ஆம் ஆண்டுகளின் இந்துத் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் என்பதையும், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமப்பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல்தான் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் துணிவு விளங்கும். இக்காலத்தின் இடையே, 1944 முதல் 1945 வரை அவர் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம அமைச்சராக இருந்து, மகாராஜா ஹரி சிங்குடன் கொள்கை வேறுபாடு ஏற்பட்டமையால் பதவி விலகினார்.

1946இல் அவர் அரசமைப்பு நிர்ணய அவையின் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். அப்பணிக்கு அவர் ஊதியம் பெற்றுக்கொள்ளவில்லை. அவை கூடுவதற்கு முன்னரே பல நாட்டு அரசமைப்புகளின் பகுதிகளைத் தொகுத்து உறுப்பினர்க்கு வழங்கியவர், 1947 மார்ச் மாதத்தில் ஒரு வினாநிரலைச் சுற்றுக்கு விட்டார். ஒன்றியத்தின் தலைவர்க்கு என்ன பெயர், அவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, பதவிக்காலம் எவ்வளவு, செயலாட்சி நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புடையதாக இருக்க வேண்டுமா வேண்டாவா என்று கேள்விகள் படிப்படியாக அமைய, ஒவ்வொன்றின் கீழும் பிற நாடுகளில் உள்ள நடைமுறை குறிப்பாகத் தரப்பட்டிருந்தது. விடை சொல்லத் தூண்டுவதும், விடை சொல்வோர் எதைத் தெரிந்தெடுக்கிறார்கள், எதைக் கைவிடுகிறார்கள் என்பதை அவர்களே உணரச் செய்வதும் அந்த அமைப்பின் நோக்கம். குழுக்களின் முடிவுகள் வந்து சேர்ந்த பின், 1947 அக்டோபரில் அவர் நிறைவுசெய்த வரைவு 243 உறுப்புகளும் 13 அட்டவணைகளும் கொண்டிருந்தது.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு, அரசமைப்பை உண்மையில் எழுதியவர் ராவா அம்பேத்கரா என்று வழக்காடுவது அண்மைக்காலத்தில் சிலரிடம் காணப்படும் போக்கு. அது இருவருக்குமே நீதி செய்யாத கேள்வியாகும். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு, ராவின் வரைவை அடிப்படையாகக் கொண்டு, 1948 பிப்ரவரியில் 315 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் உடைய புதிய வரைவை உருவாக்கியது. அதன் மீது அவையில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. அவற்றை ஏற்றும் மறுத்தும் விளக்கியும் 395 உறுப்புகள் கொண்ட இறுதி வடிவத்துக்கு அவையை அழைத்துச் சென்றவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில், பாராட்டின் ஒரு பகுதி ராவுக்கும், தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜிக்கும் உரியது என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். ஆலோசகர் வரைந்ததற்கு அவையில் பொறுப்பேற்று விடை சொல்லும் உரிமை ஆலோசகருக்கு இல்லை. ஆகவே வரைவு வேறு, அரசமைப்பு வேறு. அந்த வேறுபாட்டை ராவ் ஒருபோதும் மறந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய செல்வாக்கு மிக ஆழமாகப் பதிந்ததும், மிகக் கடுமையாக விமரிசிக்கப்பட்டதும் உயிருக்கும் உடல்சார்ந்த உரிமைக்கும் காப்புத் தரும் 21ஆம் உறுப்பில்தான். அடிப்படை உரிமைகள் துணைக்குழு முதலில் ஏற்ற வாசகம், அமெரிக்க அரசமைப்பைப் பின்பற்றி, எவருடைய உயிரும் உரிமையும் சொத்தும் ‘உரிய சட்டநெறி’ இன்றிப் பறிக்கப்படலாகாது என்று இருந்தது. உரிய சட்டநெறி என்பது, ஒரு சட்டம் முறைப்படி இயற்றப்பட்டதா என்பதோடு நில்லாமல், அது நியாயமானதா என்பதையும் நீதிமன்றம் சோதிக்க இடந்தரும் கோட்பாடு. அதே கோட்பாட்டைக் கொண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேலை நேரத்தையும் குறைந்தபட்சக் கூலியையும் வரையறுத்த சட்டங்களைப் பல்லாண்டுகள் செல்லாதனவாக்கி வந்ததை ராவ் அறிவார்; நிலச் சீர்திருத்தம் வரவிருந்த இந்தியாவில் அது நிகழலாகாது என்பது அவருடைய கவலை. 1947 ஏப்ரலில் சொத்து என்ற சொல் அந்த வாசகத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆண்டிறுதியில் அவர் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குச் சென்றபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் முடிவைச் சில நீதிபதிகள் தள்ளிவிடும் அந்த அதிகாரம் மக்களாட்சிக்குப் பொருந்தாதது என்றும் நீதித்துறைக்கே சுமையானது என்றும் அவரிடம் கருத்துத் தெரிவித்தார். அதன் பின் வரைவுக் குழு, ‘உரிமை’ என்பதன் முன் ‘உடல்சார்ந்த’ என்பதைச் சேர்த்து அதன் பரப்பைக் குறுக்கியது. ‘உரிய சட்டநெறி’யை எடுத்துவிட்டு, 1946ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசமைப்பிலிருந்து ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை’ என்ற தொடரை அமர்த்தியது. அவையில் இது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அம்பேத்கரும் இரு தரப்பு வாதங்களுக்கும் இடையே எளிதில் முடிவு சொல்ல முடியாத நிலையை ஒப்புக்கொண்டு, 1949 செப்டம்பரில், கைது செய்யப்பட்டவர்க்குச் சில காப்புகளைத் தரும் தனி உறுப்பொன்றை ஈடாகக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22ஆம் உறுப்பு.

விளைவு தெரிய நெடுநாள் ஆகவில்லை. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் தடுப்புக் காவலில் சென்னை மாநிலச் சிறையில் வைக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும், அதன் நியாயத்தை நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 1950 மே மாதத்தில் தீர்ப்பளித்தனர். நிலச்சீர்திருத்தத்தைக் காக்க மாற்றப்பட்ட தொடர், விசாரணையின்றிச் சிறையிருந்த மனிதனைக் கைவிட்டது. சொத்து அந்த வாசகத்திலிருந்து முன்னரே நீங்கிவிட்ட பிறகும் தொடரை மாற்றியது தேவையற்றது என்றே சொல்ல வேண்டும். சமூகநலச் சட்டங்களுக்கு அஞ்ச வேண்டிய ஆபத்து பெருமளவு அப்போதே விலகியிருந்தது. கோபாலன் வழக்கின் குறுகிய பொருளை விட்டு, அந்த நெறிமுறை நியாயமானதாகவும் தன்விருப்பப்படி அமையாததாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. ராவின் கவலை பொய்யானதன்று; அவர் பரிந்துரைத்த இன்னொரு வழி, அதாவது வழிகாட்டு நெறிகளை நிறைவேற்ற இயற்றப்படும் சட்டம் அடிப்படை உரிமைகளோடு முரண்படுவதால் மட்டும் செல்லாததாகிவிடலாகாது என்ற விதி, அன்று ஏற்கப்படாமற்போய், அதன் ஒரு பகுதி 1971இன் 25ஆம் திருத்தத்தின் வழியே 31சி உறுப்பாக நுழைந்ததே அதற்குச் சான்று. ஆயினும் பொருளாதாரச் சட்டத்துக்கு வரும் இடர்ப்பாட்டையும் தனிமனிதனின் சிறைவாசத்தையும் ஒரே தொடரால் தீர்க்க முயன்றது வரைவாளர் ஒருவரிடம் எதிர்பார்க்கத்தகாத பிசகு.

ஐ.நா.வில் இந்தியாவின் பிரதிநிதியாக அவர் பணியாற்றிய ஆண்டுகள் வேறு வகைச் சோதனையைத் தந்தன. 1950, 1951 ஆகிய இரு ஆண்டுகளுக்கு இந்தியா பாதுகாப்பு அவையில் உறுப்பு நாடாக இருந்தது. மாதந்தோறும் சுழலும் தலைமை 1950 ஜூனில் ராவிடம் இருந்தபோது, 25ஆம் நாள் வடகொரியப் படைகள் இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் இணைகோட்டைக் கடந்தன. சீனாவின் இடத்தில் தைவான் அரசு அமர்ந்திருப்பதைக் கண்டித்துச் சோவியத் பிரதிநிதி சனவரி முதல் அவைக்கு வராமல் இருந்தமையால், தடுப்பு வாக்கு என்ற தடை அங்கு இல்லை. படையெடுப்பைக் கண்டித்துப் பின்வாங்கக் கோரிய அன்றைய தீர்மானத்துக்கு ராவ் ஆதரவாக வாக்களித்தார். 27ஆம் நாள் வந்த தீர்மானம் தென்கொரியாவுக்குப் படையுதவி செய்யுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டது. இது போரில் இறங்குவதற்கான அழைப்பு. டெல்லியிலிருந்து ஆணை வந்து சேரவில்லை. கண்டித்த பின் உதவ மறுப்பது முரண் என்று வாதிட்டுத் தாமே முடிவெடுத்திருக்கலாம். தலைவர் நாற்காலியில் இருந்தவருக்கு அந்த நெருக்கடி இருந்தது. அவரோ, எகிப்தின் பிரதிநிதியைப் போலவே, வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை. இரு நாட்கள் கழித்து இந்திய அரசு அத்தீர்மானத்தை ஏற்பதாக அறிவித்தது; ஆனால் போரிடும் படையை அனுப்பாமல், மருத்துவப் படைப்பிரிவு ஒன்றை மட்டும் அனுப்பியது. அரசின் சார்பில் பேசும் அலுவலர் அரசின் முடிவைத் தாமே உருவாக்கிவிடலாகாது என்ற நெறியை, உலகமே பார்த்திருக்க அவர் காத்தார். இதைத் தயக்கம் என்று அன்று குறைகூறியவர்களும் உண்டு, அக்குறை ஏற்கத்தக்கதன்று.

அந்த ஆண்டின் இறுதியில் சீனப் படைகள் போரில் இறங்கியதும் நிலைமை மேலும் இறுகியது. இணைகோட்டைக் கடந்தால் சீனா தலையிடும் என்று பீக்கிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கர் வழியே வந்த எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. 1950 டிசம்பர் 14 அன்று பொது அவை அமைத்த மூவர் போர்நிறுத்தக் குழுவில், அவையின் தலைவரான ஈரானின் நஸ்ரல்லா எந்தேசாம், கனடாவின் லெஸ்டர் பியர்சன் ஆகியோரோடு ராவும் இடம்பெற்றார். அப்போது நியூயார்க்கில் இருந்த சீனத் தூதுக்குழுத் தலைவர் ஊ சியூச்சுவானோடு ராவ் பேச்சு நடத்தினார். குழு 1951 சனவரியில் முன்வைத்த ஐந்து கோட்பாடுகளின் அடுக்குமுறை கவனிக்கத்தக்கது: முதலில் போர்நிறுத்தம், அதனைப் பயன்படுத்தி அரசியல் ஆலோசனை, பின்னர் அயல்நாட்டுப் படைகள் கட்டம் கட்டமாக விலகுதல், இடைக்கால நிருவாகம், இறுதியாக, தைவான், சீனாவின் ஐ.நா. இடம் உள்ளிட்ட கிழக்காசியச் சிக்கல்களை அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், மக்கள் சீனம் ஆகியவை கூடிப் பேசுதல். பெரிய சிக்கலை விடைகாணத்தக்க கேள்விகளாகப் பகுத்து வரிசைப்படுத்தும் 1947 வினாநிரலின் கையே இங்கும் தெரிகிறது. போர்நிறுத்தம் முதலில், பேச்சு பிறகு என்ற அந்த வரிசையைச் சீனா ஏற்கவில்லை. சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கும் அமெரிக்கத் தீர்மானம் பிப்ரவரி 1 அன்று 44 வாக்குகளால் நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த 7 நாடுகளுள் இந்தியாவும் இருந்தது. சோவியத் அணிக்கு வெளியே அவ்வாறு வாக்களித்த மற்றொரு நாடு பர்மா. அந்நாட்டின் 1947ஆம் ஆண்டு அரசமைப்பு உருவாக்கத்துக்கு ராவ் துணைபுரிந்திருந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

காஷ்மீர் பற்றிய விவாதங்களிலும் இந்தியாவின் வழக்கை எடுத்துரைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கு அமையவிருந்த அரசமைப்பு அவை, இணைப்பைப் பற்றி விரும்பினால் கருத்துச் சொல்லலாமேயன்றி முடிவெடுக்க இயலாது என்று 1951 மார்ச்சில் பாதுகாப்பு அவையில் அவர் கூறியது, பின்னாளில் இந்தியாவின் எதிர்த்தரப்பால் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது. வரைவாளரின் துல்லியம் வழக்காடுபவர்க்குச் சில வேளை இடையூறாக முடியும்.

1951 டிசம்பரில் ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. 1952இல் அந்நீதிமன்றத்தின் முன் வந்த மிகப் பெரிய வழக்கு, ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியதை எதிர்த்துப் பிரிட்டன் தொடுத்தது. அச்சிக்கல் பாதுகாப்பு அவையில் பேசப்பட்டபோது இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் தாம் என்பதால், அவர் அந்த அமர்வில் பங்கேற்காமல் விலகிக்கொண்டார். நீதிபதிப் பதவியில் இரண்டாண்டு நிறைவதற்குள், 1953 நவம்பர் 30 அன்று ஜூரிச் நகரில் அவர் காலமானார்.

தம்மைப் பற்றி அவர் நூல் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருடைய குறிப்புகளையும் உரைகளையும் தொகுத்து ‘உருவாகிவரும் இந்திய அரசமைப்பு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக 1960இல் வெளிக்கொணர்ந்தவர் தம்பி சிவ ராவ். அரசமைப்பு உருவான வரலாற்றுக்கான மூல ஆவணங்களைப் பின்னர் பல தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவரே. சட்டக் கல்லூரிகளில் கோபாலன் தீர்ப்பும் மேனகா காந்தி தீர்ப்பும் அடுத்தடுத்துப் பாடமாக வைக்கப்படுகின்றன. அத்தொகுதிகளில் உள்ள ராவின் குறிப்புகளையும் அவற்றின் அருகே வைத்துப் படித்தால், நீதிபதிகள் பொருள்கொள்ள வேண்டியிருந்த அந்தத் தொடர் எந்த அச்சத்தால், எந்த நம்பிக்கையால் அங்கு வந்து அமர்ந்தது என்பது மாணவர்க்குத் தெரியவரும்.